ஆலா ஏன் அமர்வதில்லை

அந்தக் காலத்தில் பறவைகளும் மனிதர்களும் ஒரே பேச்சுப் பேசினார்கள். ஆலா என்ற கடற்பறவை அப்போது கப்பல்களின் பாய்மர உச்சியில்தான் கூடு கட்டும்.

ரோமாபுரியின் போர்க்கப்பல் ஒன்றில் ஓர் ஆலா முட்டையிட்டிருந்தது. கூட்டைக் கலைக்கச் சொன்னான் கப்பல் தலைவன். துடுப்பு வலிக்கும் வோலெரோ குறுக்கே நின்றான்.

"குஞ்சு பொரிக்கட்டும், தலைவரே. அதுவரை மேலிருந்து நமக்குக் காவல் பார்க்கும்."

ஆலாவும் ஒப்புக்கொண்டது.

எதிரிகள் கார்த்தேஜ் நாட்டார். அவர்களைத் தேடிக் கப்பல் தீவு தீவாக அலைந்தது. ஒருவருக்கும் சரியான உறக்கமில்லை. வீரர்கள் தீட்டிய வாளையே திரும்பத் திரும்பத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். ஆலாவுக்கும் இருப்புக்கொள்ளவில்லை. போருக்குமுன் பாய்மரத்தைக் கீழே சாய்த்துவிடுவார்கள் என்று அது கேள்விப்பட்டிருந்தது. மரம் சாய்ந்தால் கூடு என்னாவது?

ஒரு நாள் காலை, முட்டைக்குள்ளிருந்து குஞ்சு அலகால் தட்டும் ஓசை கேட்டது. ஆலா பரபரப்போடு நிமிர்ந்தது. பாறைமுனைக்குப் பின்னால் எதிரிக் கப்பல்கள்! அவற்றின் முகப்பில், மோதிப் பிளப்பதற்கான வெண்கல இடிமுனைகள் பளபளத்தன.

கீழிருந்து வோலெரோ கேட்டான்: "என்ன ஆலா, ஏதாவது தெரிகிறதா?"

கத்தல் தொண்டைவரை வந்துவிட்டது. அதற்குள் முட்டை மறுபடி அசைந்தது. இன்னும் கொஞ்ச நேரம், குஞ்சு வெளியே வந்துவிடட்டும் என்று நினைத்தது ஆலா.

"ஒன்றுமில்லை," என்றது.

வோலெரோ துடுப்பை விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். அவன் திரும்புமுன் எதிரியின் இடிமுனை கப்பலின் விலாவைப் பிளந்தது. கடல் உள்ளே பாய்ந்தது. பாய்மரம் முறிந்து கூட்டோடு நீரில் விழுந்தது.

ஆலா அலறிக்கொண்டு தாழப் பறந்தது. அலைகளுக்கிடையே வோலெரோ தத்தளித்துக்கொண்டிருந்தான். ஒரு கையில் கூட்டை நீருக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான்.

"அவர்கள் வந்தது உனக்குத் தெரியவில்லையா?"

"தெரிந்தது. மரத்தைச் சாய்த்துவிடுவீர்களே என்று பயந்தேன்."

"சொல்லியிருக்கக் கூடாதா? கூட்டை நானே முதலில் இறக்கி வைத்திருப்பேனே!"

அடுத்த அலை அவனையும் கூட்டையும் சேர்த்து மூடியது. ஆலா கத்தியது. கேட்க அங்கே யாரும் இல்லை.

அன்றைக்குத் தொடங்கியதுதான் இது. ஆலா கப்பலில் கூடு கட்டுவதில்லை. வெறும் மணலில் முட்டையிடுகிறது. எந்தக் கப்பலைக் கண்டாலும் அதில் அமராமல் கத்திக்கொண்டே சுற்றிச் சுற்றி வருகிறது. நிலைகொள்ளாமல் தவிப்பவரைப் பார்த்து, "ஆலாய்ப் பறக்கிறார்" என்று நாம் சொல்வதும் அதனால்தான்.