தொண்டையில் நின்ற சொற்கள்

பிராணிகள் எல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், சித்திரை முதல் நாள் விடிந்துவிட்டால் இலுப்பை மரத்தடியில் கூட்டம் கூடிவிடும். வீட்டுக்கு ஒருவர் முன்னால் வந்து ஒரே ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். வருஷம் முழுக்க அந்த வீட்டுக்கு அதுதான் வழி. என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும்போது அந்தச் சொல்லை நினைத்துக்கொண்டு அதன்படி நடப்பார்கள். பிள்ளை பிறந்தால் அதன் காதில் முதலில் ஓதுவதும் அதைத்தான். அதைக் கேட்டால்தான் பிள்ளைக்குப் பேச்சு வரும்.

மரத்துக்கு அப்பால் வெட்டவெளியில் ஒரு நெட்டைக் கல் நட்டிருந்தது. உச்சிப்பொழுதில் அதன் நிழல் கல்லுக்குள்ளேயே போய் மறைவதற்குள் சொல்லிவிட வேண்டும். சொல்லாத வீட்டின் பேச்சு அதோடு போய்விடும்.

அந்த வருஷம் சருகாயி என்ற பெண் ஓணான் வயிறு நிறைய முட்டையோடு இருந்தாள். அன்று மாலைக்குள் குழி தோண்டி முட்டையிட்டாக வேண்டும். குழியை மூடும் முன் வீட்டுச் சொல்லை உள்ளே சொல்லி மூட வேண்டும். அவள் புருஷன் கரட்டான் இன்னும் சொல்லைத் தேர்ந்தெடுக்கவில்லை.

"பங்குனி பிறந்ததிலிருந்து கேக்குறேன். இன்னைக்குப் பொழுதும் ஏறிப்போச்சு" என்றாள் சருகாயி.

"அவசரப்பட்டா ஆகுமா? போன வருஷம் அவசரப்பட்டுத்தானே 'பதுங்கு'ன்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன குறைச்சல்? பருந்து வந்தப்போ பதுங்கித்தானே உயிர் பிழைச்சோம்."

"மழை வந்தப்பவும் பதுங்கினோமே! பொந்துக்குள்ள தண்ணி வந்து மிதந்தது மறந்துபோச்சா? அதுக்கு முந்தின வருஷம் 'ஏறு'. வெள்ளத்துக்கு நல்லாத்தான் இருந்தது. உச்சிக்கு ஏறினதும் பருந்து கண்ணுல பட்டோம். எனக்கு ஓட்டை இல்லாத ஒரு சொல் வேணும், சருகு. நம்ம பிள்ளைங்க காதுல விழப்போற சொல் ஆச்சே."

சருகாயி வயிற்றைத் தரையில் இழுத்துக்கொண்டு நடந்தாள். கரட்டான் பின்னால் யோசித்துக்கொண்டே போனான்.

மரத்தடியில் உடும்புப் பெரியப்பா வேரைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். சொற்களைக் கேட்டு ஏற்பது அவர் வேலை. கரட்டான் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டான். மற்றவர்கள் சொல்வதை எல்லாம் கேட்டுவிட்டு, அதில் சிறந்ததைச் சொல்லிவிடலாம் என்பது அவன் எண்ணம். ஒரே சொல்லை இரண்டு வீடு சொல்வதில் தடை ஒன்றும் இல்லை.

முதலில் எறும்பு வந்தது. "சேர்" என்றது.

கரட்டானுக்கு மனசு துள்ளியது. இதுதான் சொல்! தானியம் சேரும், உறவு சேரும். மறந்துவிடக் கூடாதே என்று அதைத் தொண்டையில் ஒதுக்கி வைத்துக்கொண்டான்.

அடுத்துக் காகம். "கொடு."

ஐயோ, இது அதைவிட நல்லதாக இருக்கிறதே. சேர்த்து வைத்து என்ன பயன்? ஆனால் சேர்க்காமல் எதைக் கொடுப்பது? கரட்டானுக்குத் தெரியவில்லை. அதையும் தொண்டையில் வைத்தான்.

நத்தை "மெல்ல" என்றது. ஆமாம், மெல்லப் போனவனுக்கு ஆபத்தில்லை என்று தோன்றியது. உடனே கீரி வந்து "பாய்" என்றது. அதுவும் சரிதான், மெல்லப் போனால் பாம்பு பிடித்துவிடாதா? இரண்டையும் உள்ளே வைத்தான். கௌதாரி சொன்னது, முயல் சொன்னது, தேள் சொன்னது எல்லாமே கேட்கும்போது அதுவே சரியாக இருந்தது. அடுத்ததைக் கேட்டதும் முன்னது ஓட்டையாகத் தெரிந்தது. ஆனாலும் விட மனம் வரவில்லை. தொண்டை மெல்ல உப்பிக்கொண்டு வந்தது.

அவனுக்கு முன்னால் நின்ற அணில் திரும்பிப் பார்த்தது.

"என்ன மச்சான், தொண்டையில நுங்கு சிக்கிக்கிச்சா?"

"பேசாதே. யோசிக்கிறேன். நீ எதைத் தேர்ந்தெடுத்தே?"

"தாவு."

"போன வருஷமும் அதானே?"

"அதுக்கு முந்தின வருஷமும் அதான்."

"விழுந்தா?"

"விழுந்தா எழுந்து இன்னொரு தாவு. இதுக்குப் போய் மூளையைக் கசக்குவாங்களா?" அணில் போய்த் தன் சொல்லைச் சொல்லிவிட்டு மரத்தில் ஏறிக்கொண்டது.

தாவு! அட, அதுவும் நன்றாகத்தானே இருக்கிறது? கரட்டான் அதையும் எடுத்து உள்ளே வைத்தான். இப்போது எச்சில் விழுங்கவே இடமில்லை.

"வாடா கரட்டான். நீதான் பாக்கி. சொல்லு" என்றார் உடும்பு.

கல்லின் நிழல் ஓலை நறுக்கு அளவுக்குச் சுருங்கியிருந்தது. கரட்டான் முன்னால் வந்து வாயைத் திறந்தான். எந்தச் சொல்லை முதலில் விடுவது என்று நினைத்த மாத்திரத்தில் எல்லாச் சொற்களும் ஒரே சமயத்தில் கிளம்பி, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு தொண்டையில் நின்றுவிட்டன. முன்னங்காலை ஊன்றி உந்திப் பார்த்தான். உடம்பு எழும்பித் தாழ்ந்தது. சொல் வரவில்லை. தொண்டை செக்கச் செவேலென்று ஆகிவிட்டது.

உடும்பு வேரிலிருந்து இறங்கி வந்தார். "என்னடா இது? 'சேர்' தானா?"

கரட்டான் உந்தினான். தலை மேலும் கீழும் ஆடியது.

"அப்போ அதுதானா?"

அவசரமாக இன்னொரு தடவை உந்தினான்.

"இல்லே, 'கொடு'வா?"

அதற்கும் தலை ஆடியது.

"'மெல்ல'? 'பாய்'?"

எல்லாவற்றுக்கும் ஆடியது. மரத்தின் மேலிருந்து அணில் சிரித்தது. காகம் சிரித்தது. சருகாயி சிரிக்கவில்லை.

"பெரியப்பா, நான் சொல்லலாமா? எங்க வீட்டுக்கு நான் சொன்னா செல்லுமா?" என்று கேட்டாள்.

உடும்பு கல்லைப் பார்த்தார். நிழல் நூலிழையாக இருந்தது. "செல்லும் தாயி. சீக்கிரம் சொல்லு."

சருகாயி வாயைத் திறந்தாள்.

அவள் என்ன சொல்லப்போகிறாள்? கரட்டானுக்குத் தெரியாது. அவளிடம் அவன் ஒரு நாளும் கேட்டதே இல்லை. அது ஓட்டையுள்ள சொல்லாக இருந்துவிட்டால்? பிள்ளைகள் அதைக் காலம் முழுக்கச் சுமக்க வேண்டுமே. இன்னும் ஒரு மூச்சு நேரம் இருந்தால் உள்ளே இருப்பதில் நல்லதைப் பிரித்துவிடலாமே. யோசித்து முடிப்பதற்குள் அவன் கை முந்திக்கொண்டது. எட்டிப்போய் அவள் வாயைப் பொத்திவிட்டான்.

நிழல் கல்லுக்குள் போய் மறைந்தது.

கரட்டான் கையை எடுத்தான். சருகாயியின் வாய் இன்னும் திறந்தபடியே இருந்தது. அதிலிருந்து காற்றுதான் வந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். உடும்பு வேரோடு போய் ஒட்டிக்கொண்டார்.

சருகாயி அவனைப் பார்க்காமல் வேலியோரம் போனாள். குழி தோண்டினாள். முட்டைகளை இட்டாள். குழியின் மேல் குனிந்து வெகுநேரம் இருந்தாள். பிறகு மண்ணைத் தள்ளி மூடினாள்.

ஆனி மாதத்துத் தூறலில் மண் பிளந்து குஞ்சுகள் வெளியே வந்தன. வேலிக்கு வந்த அணில் அவற்றைப் பார்த்துவிட்டு, "பசிக்குதா கண்ணுகளா?" என்று கேட்டது. குஞ்சுகள் தலையாட்டின. "பசிக்கலையா?" அதற்கும் தலையாட்டின. அணில் வந்த வழியே போய்விட்டது.

அடுத்த சித்திரை பிறந்தது. கரட்டான் எல்லோருக்கும் முன்னால் போய் நின்றான். ஆனால் சொல்லைச் சொல்ல அவனிடம் பேச்சு இல்லை. அவன் பிள்ளைகளிடமும் இல்லை. அன்று சருகாயி சொல்ல நினைத்த சொல் என்ன என்று கேட்க வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. அவள் எதிரே போய் முன்னங்காலை ஊன்றி உந்தினான், உந்தினான். அவளும் பதிலுக்குத் தலையை அசைத்தாள். கேட்டது அவளுக்குப் புரிந்ததா, அவள் சொன்னது என்ன, இரண்டுமே அவனுக்குத் தெரியவில்லை.

சித்திரை வெயில் ஏறும்போது ஆண் ஓணானின் தொண்டை சிவப்பதும், வேலியில் உட்கார்ந்துகொண்டு போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் அது தலையாட்டிக்கொண்டே இருப்பதும், பெண் ஓணான் தன் குழியை ஒரு சத்தமும் இல்லாமல் மூடிவிட்டுப் போவதும் அந்த நாளிலிருந்துதான்.