பதினொரு விதிக்கும் பொருந்திய வீடு

மருதங்காட்டு மன்னன் வீரகேசரி நல்லவன்தான். ஆனால் ஓலையை நீட்டினால் முத்திரை குத்துவான், படிக்கமாட்டான். அப்படி அவன் குத்திய ஒரு முத்திரையால் ஊரே ஒருமுறை அல்லாடிப் போனது.

ஊர்நடுவே ஒரு பெரிய மடம். அதில் சாத்திரம் படிக்கத் தூரதேசங்களிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். அந்த ஆண்டு முந்நூறு பேர். மடத்துக்குள் படுக்க இடமோ நாற்பது பேருக்குத்தான். மற்றவர்கள் ஊருக்குள் ஆளுக்கொரு வீட்டில் தங்கிப் படித்தார்கள். மடத்து நிர்வாகி ஏகாம்பரத் தம்பிரானுக்கு இது பொறுக்கவில்லை. வெளியே தங்கும் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று பதினொரு விதிகள் எழுதி, அரசனிடம் முத்திரையும் வாங்கிவிட்டார்.

மாணவன் தங்கும் வீட்டில் வெங்காயம் வதக்கக்கூடாது. பாட்டு கேட்கக்கூடாது. பெண்குரல் வாசலைத் தாண்டக்கூடாது. விளக்கு வைத்ததும் கதவு பூட்டியிருக்க வேண்டும். தெருவைப் பார்த்த சன்னல் ஆகாது. இப்படியே போயிற்று. தம்பிரான் நேரில் வந்து பார்த்துச் சான்று தராத வீட்டில் தங்குபவன் பெயர் அமாவாசையன்று மடத்து ஏட்டிலிருந்து அடிக்கப்படும்.

தம்பிரான் இருநூறு வீடு ஏறி இறங்கினார். ஒன்றுகூடத் தேறவில்லை. ஒரு வீட்டில் கிளி வளர்த்தார்கள். அது பெண்கிளியாக இருக்கலாம் என்று அதையும் தள்ளிவிட்டார்.

அமாவாசைக்கு நாலு நாள் இருக்கும்போது மருத்துவச்சி அலமேலு, அரசவையில் இருந்த சேந்தனைத் தேடி வந்தாள். சேந்தன் சாதுரியத்துக்குப் பேர்போனவன்.

"ஐயா, பூவநாதன்னு ஒரு பிள்ளை நாலு வருஷமா எங்க வீட்டுல தங்கிப் படிக்குது. அடுத்த மாசம் கடைசிப் பரீட்சை. எங்க வீட்டுல பெண்குரல் கேக்குதுன்னு தம்பிரான் சான்று தரமாட்டேங்குறாரு."

"உங்கள் குரலா அம்மா?"

"பிரசவத்துக்கு வர்றவங்க குரலுங்க. வலியெடுத்தா எப்படிங்க மெல்லக் கத்துறது?"

சேந்தனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. "பிள்ளையைப் புத்தகத்தை மூடாமல் படிக்கச் சொல்லுங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றான்.

மறுநாள் காலை தம்பிரானைப் போய்க் கண்டான்.

"சுவாமி, உங்கள் விதிகளுக்கு ஒத்துவரும் இடம் ஒன்று அகப்பட்டிருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் தங்கலாம். தாங்கள் பார்த்துச் சான்று தரவேண்டும்."

தம்பிரான் உற்சாகமாகக் கிளம்பினார். சேந்தன் அவரைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் அரண்மனைச் சிறைச்சாலை. இளவரசன் பிறந்த மகிழ்ச்சியில் கைதிகளை எல்லாம் விடுதலை செய்திருந்ததால் அது காலியாகக் கிடந்தது.

"இது சிறையாயிற்றே" என்றார் தம்பிரான்.

"சிறை கூடாது என்று தங்கள் விதியில் இல்லையே, சுவாமி."

தம்பிரான் யோசித்தார். உள்ளே போனார். சேந்தன் வாசலிலேயே நின்றுகொண்டான். உள்ளிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

"சன்னல் இல்லை. நல்லது. பாட்டுச் சத்தம் இல்லை. உணவு என்ன?"

"உப்பில்லாத கூழ் சுவாமி. வெங்காயம் கண்ணிலும் படாது."

"கதவு?"

"பகலிலும் பூட்டியே இருக்கும்."

தம்பிரானுக்குப் பரம திருப்தி. அங்கேயே உட்கார்ந்து ஓலையில் எழுதினார்: 'பிள்ளைகள் தங்க இதனினும் உத்தமமான இல்லம் இவ்வூரில் இல்லை.' கம்பிக்கு வெளியே நீட்டினார். சேந்தன் வாங்கிக்கொண்டான்.

தம்பிரான் புறப்பட எழுந்தார். சிறைக்காவலன் மாடக்கண்ணு கதவைச் சாத்தினான்.

"உள்ளே வந்தவர் யாரானாலும் அரசர் ஓலை இல்லாமல் வெளியே போகக்கூடாது. இது இந்த வீட்டு விதி, சாமி."

"நான் யார் தெரியுமா?"

"தெரியும் சாமி. விதியில் அதற்கு விலக்கு எழுதவில்லை."

தம்பிரான் சேந்தனைப் பார்த்தார். "விதியை மீறச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை சுவாமி. அரசருக்கு எழுதுங்கள். கொண்டுபோய்த் தருகிறேன்" என்றான் சேந்தன்.

உச்சிப்பொழுதுக்குள் இரண்டாம் ஓலை தயாராகிவிட்டது. மாடக்கண்ணு கொண்டுவந்த கூழை ஒரு வாய் குடித்துப் பார்த்த பிறகு எழுதியது. அதனால் எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தது.

சேந்தன் இரண்டையும் அரசன் முன் வைத்தான். "முத்திரை வேண்டாம் அரசே. இன்றைக்கு மட்டும் படியுங்கள்."

அரசன் முதல் ஓலையைப் படித்தான். இரண்டாவதைப் படித்தான். 'இது மனிதர் இருக்கத்தக்க இடமே அல்ல. மூச்சு முட்டுகிறது. என்னை உடனே விடுவிக்க வேண்டும்' என்றிருந்தது.

"இரண்டும் ஒரே இடத்தைப் பற்றியா?"

"ஆம் அரசே. ஒரே இடம், ஒரே கை, ஒரே பகல்."

"அப்படியானால் எது பொய்?"

"இரண்டும் உண்மைதான் அரசே. முதல் ஓலை ஊரார் பிள்ளைகளுக்காக எழுதியது. இரண்டாவது தனக்காக எழுதியது."

அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தப் பதினொரு விதியையும் கொண்டுவரச் சொல்லி, முதன்முறையாகப் படித்து, தன் கையாலேயே கிழித்தான். சேந்தனுக்குத் தன் தோளில் இருந்த பட்டுச் சால்வையைப் போர்த்தினான்.

"தம்பிரானை விட்டுவிடலாமா?" என்று கேட்டான் சேந்தன்.

"விடலாம். மிச்சக் கூழையும் குடித்து முடிக்கட்டும்" என்றான் அரசன்.