மானாபரணர் வீட்டுக் கிழக்கெல்லை

முன்னொரு காலத்தில் மருதூர் நாட்டைக் குலவாணன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். தங்கமான மனுஷன்தான், ஆனால் நினைத்தால் நினைத்ததுதான்! ஒருநாள் பல்லக்கில் போகையில் பலாப்பழ வாசனை மூக்கைத் துளைத்தது. உடனே இறங்கி, பானை செய்கிற உலகாயி நீட்டிய சுளையை வாயில் போட்டான். ஆள் அப்படியே கிறங்கிப் போனான்.

"யார் தோட்டம் இது? சொந்தக்காரருக்கு ஒரு காணி நன்செய் கொடுத்தேன்!"

"என்னுடையதுதான் மகாராசா. எங்க தாத்தா சாத்தன் வைத்த மரம்" என்றாள் உலகாயி, முகமெல்லாம் சிரிப்பாக.

"பொய்!" என்று குறுக்கே பாய்ந்தார் பக்கத்து மாளிகை மானாபரணர். அரசவைப் பிரபு. அந்தத் தோட்டத்தின் மேல் அவருக்கு ரொம்ப நாளாகக் கண். "மகாராஜா, தோட்டம் என்னுடையது. பாவமே என்று இவளைக் குடியிருக்க விட்டேன்."

உலகாயி ஓடிப்போய் மரத்தைக் கட்டிக்கொண்டாள். குடிசை, சூளை, மரம் எல்லாம் அந்த மண்ணில்தானே!

ராஜாவோடு வந்த மந்திரி அம்பலவாணர் தொண்டையைக் கனைத்தார். "எதற்குச் சண்டை? மதிலைப் பார்த்தால் போகிறது."

அந்த நாட்டில் எந்த நிலம் யாருடையது என்று கோயில் மதிலில் வெட்டி வைப்பது வழக்கம். யாரும் போகலாம், வாசிக்கலாம், ஏனென்று கேட்க ஆளில்லை. ஊரே திரண்டு போனது. போய்ப் பார்த்தால், உலகாயி தோட்டத்துக் கல்வெட்டு இருந்த இடம் வழவழவென்று செதுக்கிக் கிடக்கிறது! போன மாசம் மதிலைச் செப்பனிடுகிறேன் என்று மானாபரணர் ஆள் விட்டாரே, அது இதற்குத்தானா? உலகாயி அந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"கல்லிலேயே இல்லையே அம்மா" என்றான் ராஜா, வருத்தமாக.

"அவளுக்கு இல்லை, சரி" என்றார் மந்திரி. "பிரபுவுக்காவது இருக்கிறதா? அவர் மாளிகைக்கே கல்வெட்டு உண்டோ என்னவோ."

மானாபரணருக்குச் சுருக்கென்றது. "என்ன பேச்சு இது! இதோ, என் பெயரே கொண்ட என் பாட்டனார் காலத்தில் வெட்டியது. ஓர் எழுத்து சிதையவில்லை!"

"அடேயப்பா! எல்லாரும் கேட்கட்டும், சத்தமாக வாசியுங்கள்" என்றார் மந்திரி.

பிரபு நெஞ்சை நிமிர்த்தி, மீசையைத் தடவி, கணீரென்று ஆரம்பித்தார்: "மானாபரணர் வீட்டுக்கு நான்கெல்லை. மேற்கெல்லை தேரோடும் வீதி. வடக்கெல்லை குளக்கரை. தெற்கெல்லை நந்தவனம். கிழக்கெல்லை..."

குரல் நின்றது. நெற்றியில் வியர்வை பொடித்தது.

"ஏன் நிறுத்திவிட்டீர்? உமது வீட்டுக்குக் கிழக்கே கிடையாதா?" என்றான் ராஜா.

மந்திரி எட்டிப் பார்த்து நிதானமாக வாசித்தார்: "கிழக்கெல்லை, குயவன் சாத்தன் பலாத்தோட்டம்."

"எங்க தாத்தா!" என்று கத்திவிட்டாள் உலகாயி. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

மானாபரணர் தலை நிலத்தைப் பார்த்தது. "அவளுடையதைச் செதுக்கினேன், என்னுடையதைச் செதுக்க மனசு வரவில்லை" என்று முணுமுணுத்தார்.

"உளியைக் கொண்டு வாருங்கள்!" என்றான் ராஜா. "அழித்த கையே திரும்ப வெட்டட்டும். வெட்டி முடிக்கும்வரை உம் வீடு உமக்கில்லை." மந்திரி தோளில் தன் பட்டுச் சால்வையைப் போர்த்தினான். உலகாயிக்குச் சொன்னபடி நன்செய்யும் கிடைத்தது.

இத்தனையும் முடிந்து பல்லக்கில் ஏறப்போனவன், குழந்தை மாதிரித் திரும்பி வந்தான். "அம்மா, வருஷா வருஷம் எனக்கு ஒரு பழம் தருவாயா?"

"ஒன்று என்ன, மகாராசா, வேண்டியதைத் தருகிறேன்" என்றாள் உலகாயி. "ஆனால் அதை மட்டும் மதிலில் வெட்டச் சொல்லிவிடாதீர்கள். இன்றைக்குப் பிரியமாகக் கொடுப்பதை நாளைக்கு வரி என்று வசூலிக்க வந்துவிடுவார்கள்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தான். அந்தப் பழத்தைப் பற்றி எந்தக் கல்லிலும் ஓர் எழுத்துக்கூடக் கிடையாது. அவள் இருந்தவரை, பழம் மட்டும் தவறாமல் அரண்மனைக்குப் போய்க்கொண்டிருந்ததாம்.