நாலு துறைகளும் நரியின் விடுதியும்

ஒரு காட்டின் நடுவே குளம் ஒன்று இருந்தது. சுற்று வட்டாரத்தில் வேறு தண்ணீர் கிடையாது. குளத்துக்கு நான்கு துறைகள். வடக்கில் மான், கிழக்கில் மயில், மேற்கில் காட்டுப்பன்றி, தெற்கில் கீரி. அவரவர் துறையை அவரவரே செதுக்கிச் சுத்தமாக வைத்துக்கொள்வது அந்தக் காட்டு வழக்கம். மற்ற கரையெல்லாம் முள்ளும் சேறும்தான்.

காடு பெருகியது. நாலா பக்கமிருந்தும் விலங்குகள் குளத்தருகே வந்து குடியேறின. அப்போதுதான் நரி அளவுக்கயிற்றோடு வந்து சேர்ந்தது.

"இந்த இடம் எங்கேயோ போகப்போகுது, கீரியக்கா. குளத்தைச் சுத்தித் தங்கும் விடுதி, கடைவீதி எல்லாம் வருது. உங்க துறையைக் கொடுத்துடுங்க. விடுதியிலே உங்களுக்கு ஒரு மாடி அறை."

கீரி எதையும் மோந்து பார்க்காமல் வாயில் வைக்காத ரகம். "மத்தவங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டது.

"அது எதுக்கு உங்களுக்கு? திறப்பு விழா வரைக்கும் யார்கிட்டேயும் மூச்சு விடாதீங்க. பொறாமைப்படுவாங்க."

நல்ல காரியத்துக்கு எதற்கு ரகசியம்? "நாளைக்குச் சொல்றேன்" என்று நரியை அனுப்பிவிட்டு, கீரி நேரே மானிடம் போனது.

மான் முதலில் மழுப்பியது. பிறகு, "துறையைக் கொடுத்துட்டேன் அக்கா. எனக்குப் புல்லுக்கடை வச்சுத் தர்றாராம்" என்றது.

"தண்ணிக்கு எங்கே போவே?"

"மயில்கிட்டே கேட்டா அது துறையிலே விடாதா என்ன?"

கீரி மயிலிடம் போனது. அது கழுத்தை வளைத்துக்கொண்டு சொன்னது: "விடுதி முகப்பிலே ஆடறதுக்கு என்னைக் கூப்பிட்டிருக்காங்க. துறை போனா போகட்டும். தண்ணிக்குப் பன்றியண்ணன் துறை இருக்கு."

பன்றியோ கீரியைப் பார்த்துத் தலையைச் சொறிந்தது. "எனக்குக் கிழங்குக்கடை. தண்ணி குடிக்க உன் துறைக்கு வந்துடலாம்னு இருந்தேனே."

கீரி மூன்றையும் ஒன்றாக நிறுத்தி, தன்னிடம் சொன்னதையே இன்னொரு முறை சொல்லச் சொன்னது. சொல்லச் சொல்ல அவற்றின் முகம் தொங்கிப்போனது. "அப்போ நாம எங்கேம்மா தண்ணி குடிப்போம்?" என்று மானின் காலடியில் நின்ற அதன் குட்டி கேட்டது.

எல்லாரும் நரியைத் தேடிப் போனார்கள். அது கரையில் முளைக்குச்சி அடித்துக்கொண்டிருந்தது.

"இதுக்கா இவ்வளவு கவலை? விடுதிக்குள்ளே வந்து தாராளமா குடிங்க. வாசல் ஒண்ணுதான். நெரிசல் இல்லாம ஒவ்வொருத்தரா வரணும். நானே வாசல்லே நின்னு வரவேற்பேன்" என்று சொல்லிவிட்டு, நரி மான்குட்டியைப் பார்த்துச் சிரித்தது.

மான் குட்டியைத் தன் பின்னால் தள்ளிக்கொண்டது. பன்றி மூக்கைத் தரையில் கொடுத்து முளைக்குச்சிகளை ஒவ்வொன்றாகக் கெல்லி எறிந்தது. மயில் அளவுக்கயிற்றைக் கொத்திக் கொத்தியே அறுத்தது.

நரி கோபித்துக்கொண்டு ஒரு புதருக்குள் போய்ப் படுத்தது. மறுநாள் வெயிலில் நாக்கு வறண்டு தெற்குத் துறைக்கு வந்தது. "கீரியக்கா, ஒரு வாய் தண்ணி..."

"குடிச்சுட்டுப் போ. இங்கே வாசலும் இல்லை, வாசல்லே நிக்கிறவங்களும் இல்லை."

ஆனாலும் நரி குடித்து முடிக்கும்வரை கீரி அதன்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

யாரிடமும் சொல்லாதே என்று ஒருவன் உங்கள் இடத்தைக் கேட்டால், தலையாட்டுவதற்கு முன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டுவிடுங்கள்.