கட்டியக்காரன் போட்ட மதிப்பு

அரண்மனையில் வேலை போனவர்களுக்கு வாராவாரம் படியளக்கச் சொன்னார் ராஜா. திவான் சும்மா இருப்பாரா? "மனுப் போடுமுன் தொகையை நீங்களே மதிப்பிட்டுச் சொல்லணும். கூட்டிச் சொன்னால் கசையடி!" என்றார். மனுப் போட வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் போய்விட்டார்கள்.

சடையாண்டி மட்டும் சபைக்கு வந்தான். திவானுக்கு முன்னே நடந்து அவர் பட்டங்களைக் கூவி, இப்போது வேலை போன கட்டியக்காரன் அவன்.

"உன் மதிப்பு என்னடா?" என்றார் திவான்.

"நான் கூவினதில் உண்மையான பட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளிக்காசு போதும் எசமான். பொய்ப் பட்டத்துக்குக் காசு வேண்டாம். எதெது பொய்யென்று தாங்களே சொல்லிவிடுங்கள்."

ராஜா திவானைப் பார்த்தார்.

"எல்லாமே உண்மைதான்" என்று முனகினார் திவான்.

சடையாண்டி ஒவ்வொரு பட்டமாகக் கூவக் கூவ, திவான் ஒவ்வொரு வெள்ளியாக வைத்தார். 'கொடைவள்ளல்' வந்தபோது மட்டும் வைத்த வெள்ளியைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் பார்த்தார்.