கிழங்கின் மேல் கம்பளி

ஆண்டிஸ் மலையில், இரண்டு பனிச் சிகரங்களுக்கு நடுவே, உர்க்கோபாட்டா என்றொரு சிற்றூர். மரம் முளைக்காத உயரம். பாரம் சுமக்கும் கம்பளி மிருகமான லாமாவின் சாணத்தைத்தான் அடுப்பில் எரிப்பார்கள். பகலில் வெயில் தோலை உரிக்கும். பொழுது சாய்ந்தால் வாளித் தண்ணீர் கல்லாகிவிடும்.

அங்கே சத்துர்னினா என்ற நெசவுக்காரி இருந்தாள். மனம் நொந்தவர்கள் அவளைத் தேடிப் போவார்கள். அப்படிப் போனவள்தான் பெனிதா. வயதில் சத்துர்னினாவுக்கு மூத்தவள். அவளுடைய ஒரே மகன் சுரங்க வேலைக்காகக் கணவாயைக் கடந்தபோது பனியில் விறைத்துச் செத்துப்போனான். அவள் நெய்து கொடுத்த கம்பளியைப் பாரம் என்று சிரித்துக்கொண்டே வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தான்.

வந்த அன்றே பெனிதா கேட்டாள்.

"அம்மா, குளிரில் போகிறவனுக்குக் கடைசிவரைக்கும் குளிருமா?"

"கிழங்கு பரப்பும் மாதம் வரட்டும்."

பெனிதா அங்கேயே தங்கிவிட்டாள். அடுப்பு மூட்டினாள், லாமாக்களை ஓட்டினாள். படுத்த பிறகும் கதவைத் தாழிட்டோமா என்று எழுந்து எழுந்து பார்ப்பாள்.

உறைபனி மாதம் வந்தது. ஊரே உருளைக்கிழங்கைச் சரிவில் புல்மேல் பரப்பியது. இரவுப் பனியில் கிழங்கு உறைய வேண்டும். வெயிலில் இளகியதும் வெறுங்காலால் மிதித்து, தண்ணீரைப் பிழிந்து, காயவைப்பார்கள். அப்படிச் செய்த சுன்யோ வருஷக்கணக்கில் கெடாது. பச்சைக் கிழங்கு அழுகிவிடும். அந்த வருஷம் வாற்கோதுமை ஆலங்கட்டி மழையில் போய்விட்டது. கிழங்கை விட்டால் இருவருக்கும் வேறு சாப்பாடு இல்லை.

சத்துர்னினா தன் கிழங்கைப் பெனிதாவிடம் ஒப்படைத்தாள். பரப்பிவிட்டு வீட்டுக்கு வந்துவிடச் சொன்னாள்.

பெனிதா வரவில்லை.

விடிந்ததும் சத்துர்னினா போய்ப் பார்த்தாள். ஊரார் கிழங்கெல்லாம் வெள்ளை பூத்து இறுகியிருந்தது. அவளுடைய கிழங்கின் மேல் ஒரு கம்பளி. பெனிதாவின் மகனுடையது. அடியில் கிழங்கு நேற்றுப் போலவே பச்சையாக இருந்தது. பக்கத்தில் பெனிதா நின்றாள்.

அடுத்த சரிவில் கிழங்கு பரப்பியிருந்த காசிமீரோ சிரித்தான்.

"தாலாட்டும் பாடினாயா, பெனிதா?"

அவன் மனைவி அவனை முறைத்தாள். மேற்கே மேகம் கட்டுகிறது, வானம் மூடினால் உறைபனி இறங்காதே என்றாள்.

பெனிதா தலை நிமிரவில்லை. குளிரில் விட்டுவிட்டுப் போகக் கால் வரவில்லை என்றாள். வெறும் கிழங்கு என்று தெரிந்தும் முடியவில்லை என்றாள்.

சத்துர்னினா திட்டவில்லை. கம்பளியை உதறி, மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

அன்று முழுக்க மேகம் வருவதும் போவதுமாக இருந்தது. பொழுது சாயும்போது காற்று நின்றது. வானம் தெளிந்தது. காசிமீரோ தூரத்திலிருந்து வானத்தைக் காட்டிக் கையசைத்தான். இரண்டு பெண்களும் கிழங்கை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விலக்கிப் பரப்பினார்கள்.

"வா, போகலாம்."

பெனிதா புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்கள் போங்கள் அம்மா. இன்றைக்கு மூட மாட்டேன். சும்மா உட்கார்ந்திருக்கிறேன்."

"நேற்று நீ எதைப் போர்த்திக்கொண்டு இருந்தாய்?"

பெனிதா கைகளை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். அவள் விரல்கள் வெடித்து நீலம் பாய்ந்திருந்தன.

"அவன் இப்படித்தானே கிடந்தான்," என்றாள். "அவனுக்கு எப்படி இருந்தது என்று பெற்றவளுக்குத் தெரிய வேண்டாமா?"

"தெரிந்ததா?"

"இல்லை."

சத்துர்னினா கம்பளியைப் பிரித்து அவள்மேல் போர்த்தினாள். கழுத்தருகே இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"எனக்கும் தெரியாது, பெனிதா," என்றாள். "பனியில் கிடக்க வேண்டியது கிழங்குதான். நீ எழுந்திரு."