இலுப்பை மரத்துப் பராமரிப்புப் பழம்

ஏரிக்கரை இலுப்பை மரத்தின் நடுப்பொந்தில் பஞ்சி என்ற அணில் தன் மூன்று குட்டிகளோடு வசித்து வந்தது. அது பஞ்சியின் சொந்த வீடு. ஒரு கோடை முழுவதும் ஓடியாடிச் சேர்த்த பழங்களை, அந்தப் பொந்தைக் குடைந்த மரங்கொத்தியிடம் கொடுத்து வாங்கியது.

மரத்தடியில் ஒரு கீரி இருந்தது. முன்பு ஒரு புயல் அடித்தபோது, மரத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மரத்தில் குடியிருந்த எல்லோருமாகத்தான் அதனிடம் ஒப்படைத்தார்கள். காய்ந்த கிளையை ஒடிக்க வேண்டும், ஒழுகும் பொந்தை அடைக்க வேண்டும், பாம்பு ஏறாமல் காக்க வேண்டும். அதற்கு வீட்டுக்குத் தினம் ஒரு பழம் என்று பேச்சு.

ஒன்று இரண்டானது. இரண்டு நான்கானது. ஏன் என்று கேட்டால், பராமரிப்புச் செலவு கூடிவிட்டது என்றது கீரி. பொந்துதான் உங்களுடையது, மரம் என் பொறுப்பு. கொடுக்க முடியாதவர்கள் காலி செய்யலாம் என்றும் சொல்லிவிட்டது.

பஞ்சி குட்டிகளுக்கு வைத்திருந்ததிலிருந்தும் எடுத்துக் கொடுத்தது. கடைக்குட்டி பசித்தாலும் அழாமல் சுருண்டு படுக்கப் பழகிவிட்டது. அழுதிருந்தால்கூடப் பஞ்சிக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மேல்பொந்தில் இறக்கை ஒடிந்த கிளி ஒன்று இருந்தது. ஒரு மழைநாள் காலையில் அதன் பொந்து முழுவதும் ஒழுகிவிட்டது. கிளி நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தபோதுதான் கீரி வந்தது. நான்கு நாள் பாக்கி இருக்கிறது, சாயங்காலத்துக்குள் வெளியேறு என்றது.

எப்போதும் தலையைக் குனிந்து பழத்தைக் கொடுத்துவிட்டுப் போகிற பஞ்சி, அன்று கிளியின் பொந்து வாசலை விட்டுப் போகவில்லை.

"அண்ணே, இந்த வருஷம் எந்தப் பொந்தை அடைத்தீர்கள்?"

"அதெல்லாம் உனக்கெதற்கு?"

"கொடுக்கிறவள் நான்தானே, அண்ணே."

கீரி விறுவிறுவென்று இறங்கிப் போனது.

பஞ்சி பொந்து பொந்தாக ஏறி இறங்கியது. மைனாவுக்கும் கஷ்டம்தான், ஆந்தைக்கும் கஷ்டம்தான். தனக்கு மட்டும்தான் முடியவில்லை என்று வெட்கப்பட்டு ஒவ்வொருவரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். இது தெரிந்ததும் எல்லோரும் சேர்ந்தே கீழே இறங்கினார்கள். கிளியை மரங்கொத்தி முதுகில் தாங்கி வந்தது.

காய்ந்த கிளைகளையும் ஒழுகும் பொந்துகளையும் பஞ்சி ஒவ்வொன்றாகக் காட்டியது. கீரிக்குக் கோபம் வந்துவிட்டது. நான் போய்விடுகிறேன், பாம்பு வந்தால் அப்போது தெரியும் என்றது.

பஞ்சி தன் குட்டிகள் இருந்த பொந்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது. பாம்பு பொய்யல்லவே. ஆனாலும் மெதுவாகச் சொன்னது:

"போக வேண்டாம், அண்ணே. காவலுக்கு வீட்டுக்குத் தினம் ஒரு பழம் நிச்சயம் உண்டு. மற்ற வேலைக்கு, வேலை முடிந்ததை எல்லோரும் பார்த்த பிறகு கொடுக்கிறோம். கிளி இங்கேதான் இருக்கும். அதன் பங்கை நாங்கள் பகிர்ந்துகொள்கிறோம்."

கீரி ஒழுகும் பொந்துகளை அண்ணாந்து பார்த்தது. இத்தனை நாளும் யாரும் கேட்கவில்லை, நானும் சோம்பிவிட்டேன் என்று முணுமுணுத்தது. பிறகு ஏரிக்குப் போய் ஈரக் களிமண் அள்ளி வந்தது. கீரி மண் கொடுக்க, பஞ்சி கிளியின் பொந்தைப் பூசி அடைத்தது.

அன்று கடைக்குட்டி வயிறு நிறைந்து, பாதிப் பழத்தை மீதி வைத்தது. பஞ்சி அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது.

செய்த வேலைக்குக் கூலி கொடுப்பது எவ்வளவு நியாயமோ, செய்யாத வேலைக்குக் கேட்டால் ஒன்றுசேர்ந்து கணக்குக் கேட்பதும் அவ்வளவு நியாயம்.